வந்துருச்சா?

தீவாளி அன்னைக்கு மத்தியானம் ஜெபக்குமார் ஆபீஸ் கம்ப்யூட்டரப் போட்டதும் ஸ்கிரீன் மூலையில சின்னதா ஒரு பெட்டி எந்திரிச்சுச்சு. மேல குடோன்னு போட்டிருந்துச்சு. உள்ள ஒரே ஒரு வார்த்தை.

வந்துருச்சா?

அவனுக்குச் சிரிப்புத்தான் வந்துச்சு. அது அவன் தங்கச்சி நதியா தட்டுற வார்த்தை. போன வாரம் சோதிச்சுப் பாக்கும்போது அனுப்புனது எங்கயோ சிக்கிக் கெடந்து இப்ப வந்து விழுந்திருக்கும்னு நெனச்சு பெட்டிய மூடிட்டு டீ ஃபிளாஸ்க்கத் தொறந்தான். அப்பத்தான் பக்கத்துல இருந்த பேர் வரிசையில கண்ணு போச்சு. மாடி, ஆபீஸ், குடோன். ஓடிக்கிட்டு இருக்குற கம்ப்யூட்டருக்குப் பக்கத்துல பச்சைப் புள்ளி எரியும். அணைஞ்சு கெடக்குறதுக்குச் சாம்பல் நெறம்.

குடோனுக்குப் பச்சை எரிஞ்சுச்சு.

குடோன நேத்து சாயங்காலமே பூட்டியாச்சு.

வெளிய திருப்பூரே செத்த மாதிரி கெடந்துச்சு. வருசம் பூரா ராவும் பகலும் நிக்காத ஊரு அது, நிட்டிங் மிஷின் எரைச்சலும் ஓவர்லாக் கிரீச்சும் டெம்போ ஹாரனும் கலந்து காதுக்குள்ள ஒரு பூச்சி மாதிரி ஓடிக்கிட்டே இருக்கும், தூங்கும்போதும் ஓடும். தீவாளிக்கு ஆளெல்லாம் பஸ் ஏறிப் போனதும் அந்தப் பூச்சி டக்குனு நின்னுரும், நின்னப்பறம்தான் இத்தனை நாளா அது கூடவே இருந்திருக்குன்னு தெரியும். எங்கயோ தூரத்துல ஒரு சரம் வெடிச்சு ஓஞ்சுச்சு. அதுக்கப்பறம் யூபிஎஸ் ஃபேன் மட்டும் உர்ருனு ஓடுற சத்தம்.

மகுடேஸ்வரன் முதலாளிக்கு வீடுன்னாலும் கம்பெனின்னாலும் அந்த ஒரே காம்பவுண்டுதான். கீழ முன்னாடி ஆபீஸ், மாடியில குடும்பம், பக்கத்து ஷெட்டுல தையல் மிஷினு, பின்னாடி குடோன். ஜெபக்குமாருக்கு கம்ப்யூட்டர் வேலை. படுக்கை ஆபீஸ்லயே, டேபிளுக்குப் பின்னாடி பாய். நதியா செக்கிங்ல இருந்தா, தச்ச பனியன்ல ஓட்டை கறை பாத்து ஒதுக்குற வேலை. முதுகுளத்தூர் பக்கத்துல இருந்து ரெண்டு பேரும் வந்து ரெண்டு வருசம் ஆவுது. வரும்போது அம்மா அவன் கையத்தான் பிடிச்சுச் சொன்னா. "பிள்ளைய ஒன்ன நம்பித்தான்டா அனுப்புறேன்."

அந்தக் குடோன்ல ஒரு வினோதம் உண்டு. கூரை வரைக்கும் துணி ரோல அடுக்கி வச்சிருப்பாங்க. துணி சத்தத்தத் தின்னுரும். வாசல்ல நின்னு தொண்ட கிழியக் கத்துனாலும் உள்ள கடைசியில இருக்குற ஆளுக்குக் கேக்காது, உள்ள இருந்து கத்துனா வெளிய வராது. செல்லும் எடுக்காது. அதுக்காகத்தான் முதலாளி ஒரு நாள் கூப்பிட்டுச் சொன்னாரு.

"ஏங்கண்ணு, ஒரு கம்ப்யூட்டர்ல இருந்து இன்னொன்னுக்கு எழுதி அனுப்பறாப்பல என்னமோ இருக்குதாமா. நம்மூட்டுல போட்டுக் குடு. நாளைக்கு நாப்பது தரம் படி எறங்கி, குடோன் வாசல்ல நின்னு காக்கா மாதர கத்தி, எனக்கு ஆவி போவுது சாமி."

அவன் ஆசை ஆசையாச் செஞ்சான். நீல ஒயர செவுத்தோரமா இழுத்து, நுனி கடிச்சு, மூணு கம்ப்யூட்டரையும் ஒண்ணாச் சேத்தான். பழைய பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில சிடி வாங்கி பேசுற சாஃப்ட்வேரப் போட்டான். மாடிக் கம்ப்யூட்டர்தான் தபாலாபீஸ் மாதிரி. ஒருத்தன் கம்ப்யூட்டர் அணைஞ்சு கெடந்தா அவனுக்கு வர்றத அது வாங்கி வச்சிருந்து, அவன் வந்தப்பறம் மொத்தமாக் குடுக்கும். ஆர்டர் குடுக்குற வெள்ளைக்காரன் மெயிலு எப்ப வரும்னு தெரியாதுன்னு மாடிக் கம்ப்யூட்டர முதலாளி அணைக்கவே விடமாட்டாரு.

சோதிக்க குடோன் பக்கம் ஒரு ஆள் வேணும். நதியாவ உக்கார வச்சான். அவ ஒத்த வெரலால எழுத்துத் தேடி, இங்கிலீஷ் எழுத்துல தமிழத் தட்டி அனுப்பிட்டு, எந்திரிச்சு ஓடி வந்து ஆபீஸ் முன்னாடி முத்தத்துல நின்னு கேப்பா. "ண்ணே, வந்துருச்சா?"

"ஏய் லூசு, நீ ஓடி வந்து கேக்குறதுக்கா நான் நாலு நாளா ஒயர் இழுத்தேன்? அங்கயே உக்காந்து அதுலயே கேளு."

"அதுல கேட்டா, அது வந்துருச்சான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

செக்கிங் பிள்ளைக எல்லாம் சிரிச்சுச்சுக. ஆனா அதுலேர்ந்து அவ எந்திரிச்சு வரல. அங்கயே உக்காந்து, ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி அந்த ஒரு வார்த்தையத் தட்டுவா.

ஸ்கிரீன்ல மறுபடியும் பெட்டி எந்திரிச்சுச்சு.

வந்துருச்சா?

மூடியில ஊத்துன டீ அவன் கையில இருந்து சாஞ்சு டேபிள் மேல ஓடுச்சு. துடைக்கல. தட்டுனான்.

யாரு?

கொஞ்ச நேரம் ஒண்ணும் இல்ல. ஃபேன் சத்தம். அப்பறம், ஒத்த வெரலால எழுத்துத் தேடுற ஆள் எவ்வளவு நேரம் எடுக்குமோ அவ்வளவு நேரம் எடுத்து, வந்துச்சு.

நான்தாண்ணே. நதியா. கதவத் தொற.

நேத்து சாயங்காலம் போனஸ் குடுத்து முடிச்சதும் முதலாளி வீட்டு வழக்கப்படி குடோனுக்கு மூடுபூசை நடந்துச்சு. லைட் மெயினக் கீழ எறக்கி, ஷட்டர இழுத்துப் பூட்டி, பூட்டச் சுத்தி மஞ்சக் கயிறு கட்டி, குங்குமம் வச்சு, பூசணிக்கா ஒடைச்சாங்க. மறுபடி தொறக்குறது ஒரு வாரம் கழிச்சு, நல்ல நேரம் பாத்து, முதலாளி கையாலதான். நடுவுல வேற கை பட்டா அந்த வருசம் ஆர்டர் கைவிட்டுப் போயிரும்னு அவருக்கு ஒரு பயம். போன வருசம் உள்ள வச்ச டிபன் கேரியர எடுக்கணும்னு கயித்த அவுத்த கட்டிங் மாஸ்டர அன்னைக்கே வெளிய அனுப்பிட்டாரு. பூசை முடிஞ்சு அவங்க குடும்பத்தோட குன்னத்தூர் தோட்டத்துக்குக் கெளம்பிட்டாங்க. தெக்கத்திப் பிள்ளைகளுக்குன்னு பிடிச்ச பஸ்ஸும் கெளம்பிருச்சு. ஜெபக்குமார் மட்டும் காவலுக்கு.

பஸ் கெளம்பும்போது அவன் மாடியில முதலாளி மக தேஜஸ்ரீ கம்ப்யூட்டர்ல பாட்டு வரலைன்னு அத நோண்டிக்கிட்டு இருந்தான். ஹாரன் கேட்டு பால்கனிக்கு ஓடி எட்டிப் பாத்தான். ஜன்னலோரம் உக்காந்திருந்த அபிராமி, நதியா கூட்டாளி, கைய ஆட்டுனா.

"நதியா எங்க?"

அவ திரும்பிப் பின்னாடி சீட்டக் காட்டி, கைய கன்னத்துல வச்சு தூங்குற மாதிரி ஜாடை காட்டுனா. பஸ் போயிருச்சு.

அவன் கண்ணால பாக்கல.

குடோனுக்கு நடந்து போனான். முத்தத்துல பூசணிக்கா செதறல் குங்குமத்தோட வெயில்ல வதங்கி, ஈ மொய்ச்சுக் கெடந்துச்சு. புளிச்ச வாசம், அதோட சாயத் துணியோட மருந்து நெடி, ரோட்டுப் பக்கம் இருந்து வர்ற வெடி மருந்து நெடி. ஷட்டரு மூடுனபடியே இருந்துச்சு. பூட்டு அப்படியே. மஞ்சக் கயிறு ஒரு இழை கூட விலகல. உள்ளங்கையால தகரத்தத் தட்டுனான். சத்தம் உள்ள போயி அப்படியே அமுங்கிருச்சு, தலகாணியில அடிச்ச மாதிரி.

"நதியா?"

காத ஒட்டி வச்சான். வெயில்ல தகரம் சுட்டுச்சு. ஒண்ணும் இல்ல. தட்டுற சத்தமும் இல்ல, அழுகையும் இல்ல. மேல பரணுக்குச் சமமா எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டை, மூணு றெக்கையும் நின்னு, பின்னாடி கருப்பு.

திரும்பி வந்தா ஸ்கிரீன்ல வரிசையா நின்னுச்சு.

இப்பத் தட்டுனது நீயாண்ணே?
நானும் தட்டுனேன்
கத்துனேன்
கேக்கலயா?

முதலாளிக்குப் போன் போட்டான். அந்தப் பக்கம் பிள்ளைக கூத்தும் கம்பி மத்தாப்புச் சீறலும் கேட்டுச்சு.

"அண்ணா, குடோன் கம்ப்யூட்டர் ஓடுற மாதிரி காட்டுதுங்கண்ணா."

"எப்புடிக் கண்ணு ஓடும்? மெயின நானே என்ற கையால எறக்குனேன். அது பழசு ஏதாச்சு காட்டும், உடு."

"இல்லீங்கண்ணா, பதில் வருது. யாரோ உள்ள இருக்குற மாதிரி..."

மத்தாப்பு மட்டும் சீறுச்சு.

"ஜெபா, தனியா இருந்தா மனசு அப்படித்தான் சாமி என்னமாச்சு காட்டும். கடைக்குப் போயி வயிறாரச் சாப்புடு. ஒன்னு சொல்லிப்புடறேன் கேட்டுக்க, அந்தக் கவுத்துல மட்டும் கைய வச்சுறாத. போன வருசம் ஒருத்தன் வச்சு, மூணு மாசம் மிஷின் நின்னுது. சாவி என்றகிட்ட இருக்குது. நல்ல நேரம் பாத்து நானே வந்து தொறந்துக்கறேன். செரியா?"

வச்சுட்டாரு.

மெயினு கீழ. அப்ப எப்படி ஓடும்? கீழ குனிஞ்சு யூபிஎஸ்ஸப் பாத்தான். அதுக்குப் பின்னாடி ரெண்டு ஒயரு போச்சு. ஒண்ணு அவன் டேபிளுக்கு. இன்னொண்ணு செவுத்தோரமா, நீல ஒயரு கூடவே, குடோனுக்கு. கரண்டு போனாலும் அந்தக் கம்ப்யூட்டர் நிக்கக் கூடாதுன்னு அவனேதான் இழுத்துவிட்டது. முதலாளிக்கு அது தெரியாது.

எந்திரிச்சு கீபோர்ட இழுத்தான்.

நீ பஸ்ல போகலயா? தட்டுனான். வெரலு வேற வேற எழுத்துல விழுந்துச்சு.

வேஸ்ட்டு மேல கொஞ்சம் படுத்தேண்ணே. கண்ணு அசந்துருச்சு. முழிச்சா ஒரே இருட்டு. ரோலு எல்லாம் ஷட்டருக்கிட்ட அடுக்கிட்டாங்க. போக முடியல. ராத்திரி பூரா தடவித் தடவி இப்பத்தான் கம்ப்யூட்டர் கெடைச்சுச்சு. தண்ணி இல்ல. வந்துருச்சா?

வெட்டுன துண்டுத் துணி வேஸ்ட்டு குடோன் கடைசியில மலையாக் கெடக்கும். ஓவர்டைம் பாத்த பிள்ளைக அதுமேலதான் சாஞ்சு கண்ண மூடுவாங்க, பஞ்சு மெத்தை தோத்துரும். எத்தனை தடவ நதியாவ அதுல இருந்து எழுப்பியிருக்கான்.

ஊர்ல இருக்குற அம்மாகிட்டப் பேச ஒரே வழி ராமர் அண்ணன் கடை போன்தான். போட்டான். மழையில லைன் போயிருக்கு போல, கொர்ருனு இழுத்துட்டு அறுந்துச்சு. மறுபடி. மறுபடி. அப்பறம் போனத் தூக்கிப் பையில போட்டுட்டு, ஷெட்டுல கெடந்த கடப்பாரைய எடுத்துக்கிட்டு குடோனுக்கு ஓடுனான். வேலை போனாப் போகட்டும். நுனியப் பூட்டு வளையத்துக்குள்ள விட்டான். மஞ்சக் கயிறு கடப்பாரையில சுத்திக்கிட்டுச்சு. மூச்ச இழுத்து அழுத்தப் போனான்.

பையில போன் அடிச்சுச்சு. ராமர் அண்ணன் கடை நம்பரு.

"டேய் தம்பி," அம்மா. "இப்பத்தான்டா லைன் வந்துச்சு. சாப்பிட்டியா?"

"எம்மா, நதியா வந்துட்டாளா?"

"காலையிலயே வந்துட்டாளே. இந்தா, பக்கத்துலதான் நிக்கிறா. என்னடா, மூச்சு வாங்குற?"

கடப்பாரை பிடி நழுவி கால் பக்கத்துல விழுந்துச்சு. கண்ணுல தண்ணி முட்டிருச்சு. அப்படியே தரையில உக்காந்து, சிரிப்பும் அழுகையுமா எல்லாத்தையும் சொன்னான்.

"அத அவகிட்டக் குடும்மா."

போன் கை மாறுச்சு. அம்மா பேசும்போது பின்னாடி மழைச் சத்தம் இருந்துச்சு, கடை ரேடியோ இருந்துச்சு. இப்ப எதுவும் இல்ல. எல்லாத்தையும் போத்தி மூடுன மாதிரி ஒரு அமைதி, அதுக்குள்ள அவ குரல் மட்டும் பக்கத்துல, ரொம்பப் பக்கத்துல.

"ண்ணே, நான் இங்க இருக்கேன்."

"பிள்ள... நல்லாப் போயிட்டியா?"

"நான் இங்க இருக்கேண்ணே. அங்க யாரும் இல்ல. தொறக்காத."

அம்மா பிடுங்கிக்கிட்டா. "டேய், கேளு. ஆள் இல்லாத எடத்துல இருந்து கூப்பிட்டா போகக் கூடாதுடா. அதுக்கு எல்லாம் தெரியும். நம்ம பேரு தெரியும், நம்ம வீட்டுக் கதை தெரியும், நமக்குப் பிடிச்ச குரல்லதான் கூப்பிடும். பதில் பேசாத. ஏசு ரத்தம் ஜெயம்னு சொல்லிக்கிட்டே இரு. பிள்ள என் கைக்குள்ள இருக்காடா. நான் தொட்டுப் பாத்துட்டேன். தொறந்துறாத, என் ராசா."

லைன் கொர்ருனு அறுந்துச்சு.

அவன் எந்திரிச்சு ஷட்டரப் பாத்தான். இத்தனை நேரம் அது பூட்டுன ஒரு கதவு. இப்ப வேற என்னமோ. பின்னாடியே நடந்து, அதுக்கு முதுகக் காட்டாம ஆபீஸுக்கு வந்தான்.

என்னமோ இரும்புச் சத்தம் கேட்டுச்சுண்ணே
தொறக்குறியா?
வந்துருச்சா?

பதில் பேசாதன்னு அம்மா சொல்லியிருந்தா. ஆனா கை கேக்கல. ஒரே ஒரு கேள்வி. அவனுக்கும் அவளுக்கும் மட்டும் தெரிஞ்சது. தப்பாச் சொன்னா போதும், நிம்மதி.

மொத சம்பளத்துல உனக்கு என்ன வாங்கித் தந்தேன்?

எழுத்துத் தேடுற நேரம். வெளிய இருட்டிக்கிட்டு வந்துச்சு. மழை இருட்டா, பொழுது சாயுதான்னு தெரியல. சுத்தி நாலு தெருவுலயும் ராக்கெட்டு சீறி ஏறுச்சு. ஜன்னல்ல செகப்பு வந்து போச்சு, பச்சை வந்து போச்சு.

கல்லு கம்மல். ஒண்ணத் தொலச்சுட்டு அழுதேன். அம்மாவுக்குத் தெரியாம நீ ஒத்தக் கம்மல் வாங்கித் தந்த. அது நெறம் மங்கலு. இப்பவும் அதத்தான் போட்டிருக்கேன்.

அதுக்கு எல்லாம் தெரியும்.

அம்மா சொன்னது சரி.

தப்பாச் சொல்லியிருந்தா யாரோ வெளையாடுறான்னு விட்டிருப்பான். சரியாச் சொல்லுது. எழுத்துக்கு எழுத்து சரியா. அவ தட்டுற மாதிரியே, அவ தேடுற மாதிரியே. அவ அங்க அம்மா கைக்குள்ள இருக்கா. அப்ப இங்க, இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம், துணிக்கு நடுவுல இருட்டுல உக்காந்து ஒத்த வெரலால எழுத்துத் தேடிக்கிட்டு இருக்குறது என்னது?

நாற்காலியில கால மேல தூக்கி வச்சுக்கிட்டான்.

ஏசு ரத்தம் ஜெயம்.

ண்ணே பேசு
ஏன் பேச மாட்டேங்குற

ரத்தம் ஜெயம். ரத்தம் ஜெயம்.

மேல ஃபேன் ஓட்டை வழியா என்னமோ வெளிச்சமா வந்து விழுந்துச்சுண்ணே

பொக வருது

அவன் மூக்கு இழுத்துப் பாத்துச்சு. பொகை வாசம்தான். ஊரே பொகைதான். தீவாளி அன்னைக்கு எந்த வீட்டுல பொகை இல்ல? எப்படிக் கூப்பிடுது பாரு. எதச் சொன்னா எந்திரிப்பேன்னு தெரிஞ்சு கூப்பிடுது.

ண்ணே துணி கனலுது
கண்ணு எரியுது
வந்துருச்சா?
வந்துருச்சா?

ஒவ்வொண்ணுக்கும் கம்ப்யூட்டர் டிங்குனு ஒரு சத்தம் போடும். அவன்தான் அந்தச் சத்தத்தத் தேடி எடுத்து வச்சான், முதலாளிக்குக் கேக்கணும்னு. டிங். டிங். டிங். காதப் பொத்துனான். பொத்துனாலும் கேட்டுச்சு.

குனிஞ்சு கம்ப்யூட்டருக்குப் பின்னாடி கைய விட்டான். நீல ஒயர் நுனியக் கண்டுபிடிச்சான். பிடுங்குனான்.

டிங் நின்னுருச்சு.

மூணு பேருக்கும் சாம்பல் நெறம்.

அப்பறம் மழை பிடிச்சுச்சு. பாயில சுருண்டு படுத்து, வாய் ஓயாம அதையே சொல்லிக்கிட்டு, எப்பத் தூங்குனான்னு தெரியல.

விடிஞ்சு கண்ணத் தொறந்ததும் மொதல்ல மூக்குக்குத்தான் தெரிஞ்சுச்சு. வெடி மருந்து வாசத்த மழை கழுவிருச்சு. ஊரே கழுவுன மாதிரி சுத்தமா இருந்துச்சு. ஆனா இந்தக் காம்பவுண்டுக்குள்ள மட்டும் இன்னும் பொகை வாசம். பஞ்சு கருகுன வாசம். அதுக்கு அடியில இன்னொரு வாசம்.

முத்தத்துல நின்னு அண்ணாந்து பாத்தான். எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்கு மேல வெள்ளைச் செவுத்துல ஒரு கருப்புத் தீத்தல். நாக்கு மாதிரி நீளமா, கூரை வரைக்கும். றெக்கையில ஒரு ராக்கெட்டுக் குச்சி மாட்டித் தொங்குச்சு.

ஆபீஸுக்கு ஓடுனான். என்ன நெனச்சு ஓடுனான்னு அவனுக்கே தெரியாது. நீல ஒயர எடுத்துச் சொருகுனான். குடோன் பேரு சாம்பலாவே இருந்துச்சு. ஆனா மாடி இருந்துச்சு. மாடி வாங்கி வச்சிருந்துச்சு. அத மொத்தமாக் குடுத்துச்சு.

டிங். வந்துருச்சா?
டிங். ண்ணே கீழ படுத்துட்டேன் கீழ பொக கம்மி
டிங். ஒயர இழுத்து கீபோர்ட கீழ வச்சிக்கிட்டேன்
டிங். எந்திரிச்சு வராத அங்கயே உக்காந்து கேளுன்னு நீதான சொன்ன
டிங். அதான் இங்கயே இருக்கேன்
டிங். வந்துருச்சா?
டிங். வந்துரு
டிங். வ
டிங். வவவவவவவவவவ

டிங் நிக்கவே இல்ல. அவன் ஓடிட்டான்.

கடப்பாரை போட்ட எடத்துலயே நனைஞ்சு கெடந்துச்சு. ஷட்டரு சூடு. மஞ்சக் கயிறு காஞ்சு, தொட்டதும் பொடியாச்சு. பூட்டு ரெண்டாவது அழுத்துல தெறிச்சுச்சு. தகரத்த மேல தள்ளுனான். பொகை ஒரு ஆள் உசரத்துக்கு எந்திரிச்சு, அவன் மேல சாஞ்சு, தாண்டிப் போச்சு.

அடுக்குன ரோலெல்லாம் உள்ளுக்குள்ளயே கனலாகிச் சரிஞ்சிருந்துச்சு. தீன்னு ஒண்ணு எரியல. செகப்பா ஓரத்துல ஊந்துச்சு, அவ்வளவுதான். சட்டையக் கழட்டி மூக்குல கட்டிக்கிட்டு, ரோலு மேல ஏறி அந்தப் பக்கம் எறங்குனான்.

டேபிளு. அதுக்கு அடியில.

வேஸ்ட்டுத் துணிய மேல போத்தி, முட்டியக் கட்டிக்கிட்டு, சைடு வாக்குல. கீபோர்டு கன்னத்துக்கிட்ட. ஒத்த வெரலு ஒரு எழுத்து மேல.

தீ படல. மூஞ்சியில, கையில எல்லாம் ஒரே கரி. யாரு வேணும்னாலும் இருக்கலாம். செக்கிங்ல எத்தனையோ பிள்ளைக. எந்தப் பிள்ளையா வேணும்னாலும் இருக்கலாம். நதியா இல்ல. நதியா அங்க. அம்மா தொட்டுப் பாத்துட்டா.

குனிஞ்சான். பெருவிரலால அந்தக் காதுக் கரியத் தொடச்சான். கம்மல் பளிச்சுன்னுச்சு.

தலைய மெதுவாத் திருப்புனான். லேசா இருந்துச்சு. இன்னொரு காத தொடச்சான்.

மங்கலு.

எப்படி வெளிய வந்தான்னு தெரியல. வாசல்ல, மழைத் தண்ணியில மண்டி போட்டு உக்காந்திருந்தான். வாய் தொறந்திருந்துச்சு. சத்தம் வரல. கையில போன் அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. எப்ப இருந்துன்னு தெரியல. ராமர் அண்ணன் கடை நம்பரு. அமுக்குனான்.

"டேய் தம்பி, நல்லா இருக்கியாடா? ராத்திரி பூரா செபம் பண்ணேன்." அம்மா. மழைச் சத்தம். கடை ரேடியோ. "அந்தச் சனியன் அப்பறம் ஒன்னும் பண்ணலயே?"

அவன் போனக் காதோட சேத்துப் பிடிச்சுக்கிட்டான்.

"கேக்குதாடா? இவளுக்குத்தான் ஒடம்பு சுகமில்ல. வந்ததுல இருந்து பச்சத் தண்ணி பல்லுல படல. ராத்திரி பூரா தூங்காம மூலையில உக்காந்திருந்தா. தலையெல்லாம் பஞ்சு, சீவச் சீவ வருது. காலையில இருந்து இருமல் வேற. இருமுனா கருகருன்னு பஞ்சாக் கக்குறாடா. அந்தக் கம்பெனி தூசிதான். இனிமே அவள அங்க அனுப்ப மாட்டேன், என்கூடவே வச்சுக்கிறேன்."

"எம்மா." எங்கயிருந்தோ வந்துச்சு. "எம்மா, வெளிய வா. அவள விட்டுட்டு வெளிய வா."

"என்னடா சொல்ற? சரியாக் கேக்கல. இரு, ஒன்கிட்டப் பேசணுங்கிறா. விடிஞ்சதுல இருந்து அதே தொணதொணப்பு. இந்தா, பேசு."

போன் கை மாறுச்சு.

மழைச் சத்தம் போச்சு. ரேடியோ போச்சு. துணியால மூடுன மாதிரி. கூரை வரைக்கும் அடுக்குன மாதிரி.

அவனுக்கு முன்னாடி தொறந்து கெடந்த ஷட்டருக்குள்ள பொகை கொஞ்சம் கொஞ்சமா விலகுச்சு. டேபிளு தெரிஞ்சுச்சு. டேபிளுக்கு அடியில அந்தக் காலு தெரிஞ்சுச்சு.

காதுக்குள்ள, ரொம்பப் பக்கத்துல, யாரோ இருமுனாங்க.

"ண்ணே, நான் அம்மா பக்கத்துலதான் இருக்கேன்."

ஒத்த வெரலால எழுத்துத் தேடுற அளவுக்கு நேரம்.

"வந்துருச்சா?"